சிங்கப்பூர்ச் சம்பளமும் பள்ளத்தூர் வீடும்

24 அக்டோபர் 2025 (வந்த கேள்வி)

ஆச்சி, எனக்கு வயது 25. காரைக்குடியில் வேலை, மாதம் 45,000 ரூபாய். இப்போது சிங்கப்பூரில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) 3,500 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, ஒரு வேலை வந்திருக்கிறது. போன மாதம்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனித மேம்பாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் 13ஆவது இடம், இந்தியா 130ஆவது இடம், இதற்கு மேல் என்ன யோசனை என்று நண்பன் கேட்கிறான். நீங்கள் இரண்டு இடத்திலும் குடும்பம் நடத்தியவர். எங்கே வாழ்க்கை நன்றாக இருக்கும்?

24 அக்டோபர், இரவு

முதலில் பணத்தைப் பேசிவிடலாம் தம்பி, அதில் குழப்பம் கிடையாது. அறை வாடகை 800 முதல் 1,000 வெள்ளி வரை போகும், அதுவும் இன்னொரு குடும்பம் இருக்கும் வீட்டில் ஓர் அறை. மூன்று வேளையும் உணவங்காடியில் முடித்துக்கொண்டால் 500, 600. ரயில், பேருந்து, போன் எல்லாம் சேர்த்து 150. வரி மாதக் கணக்கில் 60 வெள்ளியைத் தாண்டாது. வெளிநாட்டவருக்கு மத்திய சேம நிதி கிடையாது, அதனால் பிடித்தமும் இல்லை, முதலாளி போடும் பங்கும் இல்லை. கையைக் கட்டிச் செலவு செய்தால் 1,700 மிஞ்சும். வெள்ளி 68 ரூபாய் என்று வைத்தாலும் லட்சத்துக்கு மேல். ஊரில் 45,000 சம்பளத்தில் அப்படி மிச்சம் பிடிக்க முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டது வாழ்க்கையை. அந்தப் பட்டியல் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் கூட்டிப் போடுகிற கணக்கு. சிங்கப்பூரில் சராசரி ஆயுள் 83க்குப் பக்கம், நமக்கு 72. அது சின்ன வித்தியாசம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் 1998இல் போனேன், 2019இல் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்குத் திரும்பினேன். 21 வருடம். இவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை, நான் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்தேன். மகன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். ஒரே நாளில் எழுதி முடிக்க முடியாது, அவ்வப்போது எழுதுகிறேன்.

25 அக்டோபர்

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு முதலில் ஞாபகம் வந்தது ராத்திரி நடைதான். சிங்கப்பூரில் நாங்கள் இருந்த ஆங் மோ கியோ பேட்டையில் டியூஷன் முடித்து வீடு திரும்ப பத்தரை, பதினொன்று ஆகிவிடும். தனியாகத்தான் வருவேன். ரயில் நிலையத்திலிருந்து எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) வரை கூரை போட்ட நடைபாதை, மழை பெய்தால்கூட ஒரு துளி மேலே படாது, விளக்கு எரியும், யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். கழுத்தில் சங்கிலி கிடப்பதே நினைவிருக்காது. முதல் ஆறு மாதம் பழக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வேகமாக நடந்தேன். அப்புறம் ஒரு நாள் மெதுவாக நடக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்கு வந்த நிம்மதியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆனால் பொம்பளைப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இங்கே ஏழு மணிக்குமேல் தனியாகக் காரைக்குடி போய்வர வேண்டுமென்றால் இன்றைக்கும் யாரையாவது துணைக்குக் கூப்பிடுகிறேன். எனக்கு வயது 56.

27 அக்டோபர்

“அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது, நம் ஊர் மாதிரி வருமா” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. எங்களுக்கு இடது பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா, வலது பக்கம் சீனக் குடும்பம். மகன் பிறந்தபோது எனக்குப் பத்தியம் சொன்னவர் அந்த மலாய் அம்மாதான். மஞ்சள், இஞ்சி, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஏறக்குறைய ஆத்தா (என் அம்மா) சொல்கிற மாதிரியே சொன்னார். அரசு அடுக்குமாடியின் கீழ்த்தளம் சுவரில்லாமல் திறந்து கிடக்கும், ஒரு வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம். இது தானாக அமைந்தது இல்லை. எந்த புளோக்கிலும் ஓர் இனமே நிறைந்துவிடக் கூடாது என்று 1989இலிருந்து விகிதம் வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்கும்போது அந்த விகிதம் குறுக்கே வந்து சிரமப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் அது நல்ல சட்டம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நம் பக்கத்து ஊர்களில் தெரு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யார் எந்தத் தெருவில் வீடு கட்டலாம் என்பது எழுதாத சட்டமாக இன்றைக்கும் நிற்கிறது. “நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு” என்று எழுதும்போது, அந்த எல்லாரில் யார் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே இந்த வேற்றுமையே இல்லை என்று சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது இந்தியர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். போனில் என் குரலைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று வைத்தவர்கள் இரண்டு பேர். தம்பி, அறை தேடும்போது இது உங்களுக்கும் நடக்கலாம், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

2017 மார்ச்சில் ஒரு ராத்திரி அப்பச்சிக்கு (என் அப்பாவுக்கு) நெஞ்சுவலி வந்தது. 108க்குச் சொன்னார்கள், வண்டி வந்தது, வந்த பையன்கள் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்கள். முதலில் சேர்த்த இடத்தில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து மதுரை 85 கிலோமீட்டருக்கு மேல். மேலூர் தாண்டும்போது உயிர் போய்விட்டது. எனக்குப் போன் வந்தபோது சிங்கப்பூரில் விடிகாலை மூன்றரை, இங்கே ஒரு மணி. திருச்சி விமானம் நாலு மணி நேரம்தான், ஆனால் இடம் கிடைத்தது மறுநாள் ராத்திரி. ஆத்தாவுக்குப் பக்கத்தில் பங்காளி வீட்டு ஆச்சிமார் ஏழெட்டுப் பேர் அந்த ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்து இறங்கும் வரை வீட்டில் உலை வைக்க விடவில்லை, மூன்று வேளையும் அவர்கள் வீடுகளிலிருந்து வந்தது. அப்பச்சி உடம்புக்குப் பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்தபோது ஒருத்தர்கூட “ஏன் தாமதம்” என்று கேட்கவில்லை.

இதையே ஆங் மோ கியோவில் வைத்துப் பார்க்கிறேன். 995க்கு அடித்தால் 11 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பது அங்கே இலக்கு, பெரும்பாலும் வந்துவிடும். அடுக்குமாடிகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் மின்தூக்கி வாசலில் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி மாட்டியிருக்கும். எடுத்தால் அதுவே பேசி வழி சொல்லும். அப்பச்சி அங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைக்கிறேன், இதை இதுவரை ஆத்தாவிடம் சொன்னதில்லை. அதே சமயம் அங்கே இருந்திருந்தால் பிழைத்த பிறகு பகல் முழுக்க நாலு சுவருக்குள் ஒருத்தராக உட்கார்ந்திருப்பார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும்.

முன்பெல்லாம் இந்த இரண்டையும் தராசில் வைத்து, ஊர்தான் கனம் என்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏழு ஆச்சிமார் வந்து உட்கார்ந்ததற்கு ஆயுள் முழுக்க நன்றி. அதற்காக மேலூர் ரோட்டில் உயிர் போனதை ஏற்றுக்கொள்ள முடியாது. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012லேயே வந்துவிட்டது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு இதய அடைப்பை எடுக்கிற வசதி இந்த ஊருக்குள்ளேயே வேண்டும், இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

3 நவம்பர்

தம்பி கேட்டிருந்தார், கல்யாணம் ஆனதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று. முடியாது. எஸ் பாஸில் இருப்பவர் மனைவி, பிள்ளைகளை வைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துப் போகலாம், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் அப்பத்தா ஞாபகம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர். கொண்டு விற்கப் போனால், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனால், மூன்று வருடக் கணக்கு, கணக்கு முடித்து ஊர் வந்து சில மாதம் இருப்பார், திரும்பவும் கப்பல். 1942இல் குண்டு விழுந்தபோது நடந்தே வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன்னால் கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஐயாவோடு சேர்ந்திருந்தது மொத்தம் நாலு வருடம்கூடத் தேறாது என்று அப்பத்தா விரல் விட்டுச் சொல்வார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தக் கப்பல் என்றுதான் வயதே சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து இந்தப் பெரிய வீடுகளைப் போட்டோ எடுக்கிறார்கள், பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தூணுக்குப் பின்னால் நின்ற பொம்பளைகள் கொடுத்த விலை எனக்குத் தெரியும். உங்கள் சம்பளக் கணக்கில் அந்தப் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் சரி என்றால் அது வேறு.

9 நவம்பர்

நேற்று நல்ல மழை. வளவு முற்றத்தில் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டியது, ஆத்தா பித்தளை அண்டாவைத் தானே உருட்டிக்கொண்டு வந்து மூலையில் வைத்துவிட்டார்கள், 81 வயது. முதல் கால் மணி நேரத் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது, ஓடு கழுவி ஓடிவிட வேண்டும். அப்புறம் வேட்டித் துணியை நாலாக மடித்து அண்டா வாயில் கட்டிப் பிடிப்பது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே வேறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் தண்ணீர் இல்லாத ஊர்கள். இங்கே ஆறு இல்லை. பெரியவர்கள் ஊருணி வெட்டினார்கள், காட்டு மழையெல்லாம் வரத்துக் கால்வாய் வழியாக அதில் வந்து சேரும்படி செய்தார்கள், கூரைத் தண்ணீரை முற்றத்தில் வாங்கினார்கள். சிங்கப்பூரிலும் இதே யோசனைதான், அங்கே நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மழைப் பிடிப்பு இடம், 17 நீர்த்தேக்கம், 2003இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்தும் பயன்படுத்துகிறார்கள். 21 வருடம் குழாயைத் திறந்து அப்படியே குடித்தோம். இங்கே சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்கு ஈடு கிடையாது, அதைக் காரைக்குடிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்று குடிப்பது 20 லிட்டர் கேன். வரத்துக் கால்வாயில் கடை கட்டிவிட்டோம். அதே மழை இங்கேயும்தான் பெய்கிறது. கால்வாயை விட்டது நாம்.

10 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, மகன் படித்துவிட்டுச் சொன்னான். சிங்கப்பூர் தன் மழையில் மட்டும் வாழவில்லை, மலேசியாவின் ஜொகூரிலிருந்தும் தண்ணீர் வாங்குகிறது. 1962இல் போட்ட ஒப்பந்தம், 2061 வரை. அது முடியும்போது கையேந்தக் கூடாது என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

காற்று பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2015 செப்டம்பரில் சுமத்ராவில் காடு எரிந்த புகை வந்து ஒரு நாள் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். மற்றபடி நல்ல காற்று.

16 நவம்பர்

இதுவரை நான் எழுதிய சிங்கப்பூர் நிரந்தரவாசியின் சிங்கப்பூர். எங்களுக்கு 2003இல் நிரந்தரவாசம் கிடைத்தது. அதற்கு முன் வாழ்ந்த ஐந்து வருடம் வேறு, பின் வாழ்ந்த வாழ்க்கை வேறு. நாடு ஒன்றுதான், கையில் இருக்கும் அட்டைதான் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போனால் நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். கட்டுமான வேலை, வேலை அனுமதிச் சீட்டு. அவர்கள் குடும்பத்தைக் கொண்டுவரவே முடியாது, சம்பளம் எவ்வளவு ஆனாலும். ஊரோரத் தங்குவிடுதியில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். காலையில் லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோவார்கள், இன்றைக்கும் அப்படித்தான். 2020இல் கொரோனா வந்தபோது விடுதித் தொழிலாளரில் 47 விழுக்காட்டினருக்கு அது வந்துபோயிருந்தது என்று அந்த வருடக் கடைசியில் அரசே சொன்னது. நாங்கள் அந்த நேரம் ஊருக்குத் திரும்பிவிட்டோம். தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், டியூஷன் சென்டர் சுவருக்கு வெள்ளையடிக்க வந்து பழக்கமானவன், போனில் பேசினான். இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை, ஜன்னலில் வேட்டியைக் காயப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்றான். அவனும் 13ஆவது இடத்து நாட்டில்தான் இருந்தான்.

23 நவம்பர்

யோசிக்க யோசிக்க எனக்கு ஒரே அளவுகோல்தான் மிஞ்சுகிறது. ஒரு சாதாரண நாளைக் கழிக்க எத்தனை பேர் தயவு வேண்டியிருக்கிறது?

போன வாரம் ஆத்தாவுக்குப் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து வங்கி அரைக் கிலோமீட்டர். கால் நன்றாகத்தான் இருக்கிறது, நடக்க முடியும். ஆனால் நடைபாதை இல்லை, சாக்கடை மூடிக்கல் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, பைக்காரர்கள் உரசிக்கொண்டு போவார்கள். அதனால் ஆட்டோக்காரத் தம்பிக்குச் சொல்லி, அவர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து, வங்கிப் படியில் கைப்பிடி இல்லாததால் வாசலில் நின்ற ஒரு பிள்ளை தோளைப் பிடித்து ஏறினார்கள். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு மூன்று பேர் தயவு.

2014இல் ஆத்தா ஏழு மாதம் எங்களோடு சிங்கப்பூரில் இருந்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சந்தைக்குத் தனியாகப் போய்வந்தார்கள். மொழி தெரியாது. மின்தூக்கியில் இறங்கி, கூரைக்குக் கீழேயே நடந்து, சிக்னலில் நின்று, முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வயதானவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு இன்னும் சில நொடி கூடுதலாக எரியும் ஏற்பாடு 2009இலிருந்து உண்டு. ஆத்தாவுக்கு அந்த அட்டை கிடையாது, வருகையாளர். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தன் அட்டையைத் தட்டி, ஆத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போவதை நான் ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதே ஆத்தா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது சலுகை எதுவும் இல்லாமல் முழுக் கட்டணம். எங்கள் நாலு மாதச் சேமிப்பு ஒரு வாரத்தில் போனது. சலுகையெல்லாம் குடிமக்களுக்கும் ஓரளவு நிரந்தரவாசிகளுக்கும்தான்.

30 நவம்பர்

வீடு பற்றிச் சின்னதாக. அங்கே 80 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவான பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இருக்கிறார்கள், 99 வருடக் குத்தகை, முடிந்தால் திரும்ப அரசுக்கு. இதைச் சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள், அது ஒரு சொந்த வீடா என்று. எங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கு 23 பங்கு. முகப்பு ஓடு மாற்ற வேண்டும் என்று 2019இல் ஆரம்பித்த பேச்சு, இன்னும் ஆறு பேர் கையெழுத்து பாக்கி, ஒருவர் கனடாவில் இருக்கிறார். ஒத்துப் போகாத குடும்பங்களின் தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்கு அப்படி வர விட மாட்டேன்.

மகனுக்கு அங்கே சொந்த வீடு கிடைக்கும், குடியுரிமை வாங்கிவிட்டான், அதற்கு முன் இரண்டு வருடம் தேசிய சேவை. நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கும் அது கட்டாயம். அந்த இரண்டு வருடம் நான் தூங்கிய தூக்கம் கொஞ்சம்தான்.

7 டிசம்பர்

தம்பி எழுதியிருக்கிறார், கல்யாணத்தைத் தையில் முடித்துவிட்டு இரண்டு வருடம் மட்டும் போய்வருவதாக முடிவாம், அந்தப் பெண்ணும் உட்கார்ந்து பேசினாராம். நல்லது.

அப்படியானால் அந்த அளவுகோலை உங்களுக்கும் வைத்துப் பார்க்கிறேன். எஸ் பாஸ் அந்த முதலாளியோடு கட்டியது. வேறு வேலைக்குப் போக வேண்டுமென்றால் புது முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நடைபாதைக்கும் தண்ணீருக்கும் யார் தயவும் வேண்டாம், தங்கியிருப்பதற்கு ஒருவர் தயவு வேண்டும். அதனால் கையில் எப்போதும் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும், ஊருக்கு முழுதும் அனுப்பிவிடாதீர்கள்.

ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சிங்கப்பூர் ஏஜென்சி ஒப்பந்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரை வாங்கலாம், அதற்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது. கிளம்பும் முன் கொள்கை ஒப்புதல் கடிதத்தை (எஸ் பாஸ் தரச் சம்மதம் என்று சிங்கப்பூர் அரசு தரும் கடிதம்) கேட்டு வாங்குங்கள். அதில் சம்பளம் 3,500 என்று போட்டிருக்கிறதா, வேறு தொகையா என்று ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர் வாருங்கள், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. கடிதத்தை நான் படித்துப் பார்க்கிறேன். வரும் நாளை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கவுனி அரிசி ராத்திரியே ஊற வேண்டும் என்று ஆத்தா சொல்கிறார்கள்.